விருது இருக்கட்டும், முதலில் படத்தை வாங்குங்கள்

பண்பாட்டுத் துறைக்குப் பணம் ஒதுக்கும் அமைச்சர்களுக்கும், அந்தப் பணத்தைச் செலவழிக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நீங்கள் எந்த நாட்டு அமைச்சகத்தில் உட்கார்ந்திருந்தாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். எங்கள் ஓவியர்களை ஆதரிக்கிறோம் என்று சொல்லாத அரசு கிடையாது. ஆனால் நடப்பது என்னவோ பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு விழா, சில விருதுகள், ஒரு குழுப் புகைப்படம், அப்புறம் அடுத்த ஆண்டு வரை பேச்சு மூச்சு இல்லை. விருது வாங்கியவரின் அறைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். விற்காத கேன்வாஸ்கள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அடுக்கடுக்காகச் சாய்ந்து நிற்கும். விருதுச் சான்றிதழும் அங்கேதான் எங்காவது இருக்கும்.

நானும் படம் வரைகிறவன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: எங்கள் படங்களை வாங்குங்கள். நியாயமான விலைக்கு, ஆண்டு தவறாமல் வாங்குங்கள். வாங்கியதை மக்கள் வந்துபோகும் இடத்தில் மாட்டுங்கள். மாட்டியதைப் பார்த்துக்கொள்ளுங்கள். உதவித்தொகை, பயிலரங்கு, கலை வாரம் எல்லாம் இதற்குப் பிறகு வரட்டும்.

ஏன் ஓவியருக்கு மட்டும் இப்படி ஒரு தனிக் கோரிக்கை என்று கேட்கலாம். எழுத்தாளரின் புத்தகத்தை ஆயிரம் பேர் ஆளுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். பாடகர் ஒரே பாட்டை நூறு மேடையில் பாடலாம். ஓவியரிடம் இருப்பது ஒரே ஒரு படம். அதற்கு ஒரே ஒரு ஆள் வேண்டும். அவரிடம் காசும் இருக்க வேண்டும், காலிச் சுவரும் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் ஒரு நாட்டில் சில நூறு பேர் தேறினால் அதிகம். அவர்களுடைய ரசனையே சந்தையாகிவிடுகிறது. ஆனால் நாட்டிலேயே அதிகச் சுவர் வைத்திருப்பது யார்? நீங்கள்தான். மருத்துவமனை, நீதிமன்றம், பள்ளி, ரயில் நிலையம், பதிவு அலுவலகம், தூதரகம் என்று கணக்கில்லாத சுவர்கள். அவற்றில் இப்போது தொங்குவது நாட்காட்டிகளும், பழைய தலைவர்களின் படங்களும், எந்த ஊர் என்றே தெரியாத ஓர் அருவியின் அச்சுப்படமும்.

இது நடக்காத காரியம் என்றால் நடந்த கதை ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்கா பொருளாதாரப் பெருமந்தத்தில் கிடந்தபோது, 1935இல், வேலையில்லாதவர்களுக்கு வேலை தரும் பெரிய திட்டத்தின் கீழ் ஓவியர்களுக்கென்று ஒரு பிரிவு தொடங்கினார்கள். கூட்டாட்சிக் கலைத் திட்டம் என்று பெயர். அதை நடத்தியவர் ஹோல்கர் காஹில். எங்கோ ஒரு மேதை பிறப்பான் என்று காத்திருப்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. நிறையப் பேர் நிறுத்தாமல் வேலை செய்துகொண்டிருந்தால்தான் கலை வளரும் என்பது அவர் கட்சி. வாரச் சம்பளம், நியூயார்க்கில் சுமார் 24 டாலர். சுவரோவியப் பிரிவில் இருப்பவர் சுவருக்குப் போவார். தனிப்படம் வரைபவர் வீட்டிலேயே வரைந்து, சில வாரங்களுக்கு ஒரு படம் என்று கொண்டுவந்து ஒப்படைப்பார். அந்தப் படங்கள் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் போயின. திட்டம் 1943இல் முடிந்தபோது 2,500க்கும் மேற்பட்ட சுவரோவியங்களும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓவியங்களும் உருவாகியிருந்தன. ஜாக்சன் பொல்லாக், மார்க் ராத்கோ, வில்லெம் டி கூனிங், லீ க்ராஸ்னர், ஜேக்கப் லாரன்ஸ் எல்லாரும் அந்தச் சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள். அப்போது இவர்களில் யாருக்கும் பெரிய பெயர் கிடையாது. பெயர் வந்த பிறகு ஆதரித்திருந்தால் அதற்குப் பெயர் ஆதரவா, வேடிக்கையா?

இதிலும் ஒரு கசப்பு இருக்கிறது. சம்பளம் வாங்க வேண்டுமானால் முதலில் தன் வறுமையை நிரூபிக்க வேண்டும். ஓவியர் என்பதற்காக வேலை கிடைக்கவில்லை, ஏழை என்பதற்காகவே கிடைத்தது. அதனால் போர் வந்து வேலையில்லாத் திண்டாட்டம் தீர்ந்தவுடன் திட்டத்தையும் மூடிவிட்டார்கள். மூடியதைவிடக் கொடுமை அதன் பிறகு நடந்தது. நியூயார்க்கில் ஒரு கிடங்கில் கிடந்த கேன்வாஸ்களை எடைக்குப் போட்டார்கள். ஆம், பழைய பேப்பரைப் போடுவது போல. பழைய சாமான் வியாபாரி ஒருவர் கையில் போய், அதில் ஒரு பகுதி கடைசியில் புத்தகக் கடை ஒன்றில் ஒவ்வொன்றும் சில டாலருக்கு விற்றது. குழாய்களுக்கு மேல் சுற்ற இந்தத் துணி உதவுமா என்று பார்த்தவர்களும் உண்டாம்.

அதே திட்டத்தில் நியூவார்க் விமான நிலையத்துக்காக அர்ஷில் கோர்க்கி பத்துப் பெரிய படங்கள் வரைந்தார். விமானத்தின் இறக்கை, வால், எஞ்சின் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு, தட்டையான வண்ண வடிவங்களாக அடுக்கியிருந்தார். சில ஆண்டுகளில் யாரோ அவற்றின் மேல் சுவருக்கு அடிக்கும் சாதாரண வண்ணத்தை அடித்துவிட்டார்கள். திரும்பத் திரும்ப அடித்திருக்கிறார்கள். 1970களில் அந்தப் பூச்சுகளை ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தபோது இரண்டு படங்கள் கிடைத்தன. மற்ற எட்டு போனது போனதுதான். வரைவதற்குச் சம்பளம் கொடுத்த அரசு, வரைந்ததைக் கணக்கில் எழுதி வைக்கவும் அந்தச் சுவரைப் பார்த்துக்கொள்ளவும் ஓர் ஆளை வைக்கவில்லை. வெள்ளையடிக்க வந்தவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அவருக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வாங்குங்கள் என்கிறேனே, வாங்கிக் குவித்துக் கெட்டுப்போன கதையும் எனக்குத் தெரியும். நெதர்லாந்தில் 1949 முதல் 1987 வரை ஓர் ஏற்பாடு இருந்தது. வருமானம் போதாத ஓவியர் தன் படங்களை நகராட்சியிடம் கொடுப்பார், பதிலுக்குப் பிழைப்புக்குப் பணம் கிடைக்கும். நல்ல எண்ணம்தான். நாளாக ஆக அதில் சேர்ந்தவர்கள் சில ஆயிரம் பேர். படங்கள் லட்சக்கணக்கில் வந்து குவிந்தன. எங்கே மாட்டுவது, யார் பார்ப்பது என்று யோசிக்க யாருக்கும் நேரமில்லை. கிடங்குகள் நிறைந்தன. கடைசியில் அரசு படங்களை ஓவியர்களிடமே திருப்பிக் கொடுக்கவும் மற்ற அமைப்புகளுக்குத் தள்ளிவிடவும் ஆரம்பித்தது. தான் வரைந்த படம் யார் கண்ணிலும் படாமல் கிடங்கில் கிடந்து தன்னிடமே திரும்பி வருவதை ஓர் ஓவியரின் இடத்திலிருந்து நினைத்துப் பாருங்கள். பணம் கிடைத்தது, சரி. பார்வையாளர் கிடைக்கவில்லையே.

ஆகவே கொள்முதல் பட்டியலோடு மாட்டும் இடத்தின் பட்டியலும் சேர்ந்தே வர வேண்டும். இதற்குக் கனடாவில் ஒரு நல்ல வழி கண்டுபிடித்தார்கள். அங்கே கலை மன்றம் 1972இல் கலை வங்கி ஒன்றைத் தொடங்கியது. வாழும் ஓவியர்களின் படங்களை விலைக்கு வாங்கி, அரசு அலுவலகங்களுக்கும் நிறுவனங்களுக்கும் வாடகைக்கு விடுகிறார்கள். இன்று அதில் 17,000க்கும் மேற்பட்ட படைப்புகள் இருக்கின்றன. வாடகை கொடுத்து எடுப்பவர் படத்தை மூலையில் போட மாட்டார். தவிர, எது எங்கே இருக்கிறது என்ற கணக்கும் தன்னால் வந்துவிடுகிறது. உங்கள் நாட்டில் இதைத் தொடங்கப் புதுக் கட்டடம்கூடத் தேவையில்லை. ஈரம் இல்லாத ஓர் அறை, படம் தூக்கத் தெரிந்த இரண்டு பேர், ஒழுங்கான ஒரு பதிவேடு போதும்.

அடுத்தது, யார் தேர்ந்தெடுப்பது? இங்கேதான் உங்களைக் கண்டு எங்களுக்கு உண்மையில் பயம். அரசின் ரசனை எப்படிப்பட்டது என்பதற்குப் பாரிஸில் நடந்ததைச் சொல்கிறேன். குஸ்தாவ் கையெபோத் என்று ஓர் ஓவியர் இருந்தார். கையில் பணமும் இருந்தது. தன் நண்பர்களின் படங்கள் விற்காத காலத்தில் அவரே அவற்றை வாங்கி வைத்துக்கொண்டார். 1894இல் இறந்தபோது, அறுபதுக்கும் மேற்பட்ட அந்தப் படங்களை நாட்டுக்கே எழுதி வைத்திருந்தார். ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார்: பரணிலும் போடக் கூடாது, மாகாண அருங்காட்சியகத்துக்கும் தள்ளிவிடக் கூடாது. அரசுகளை மனிதர் நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறார் பாருங்கள். நண்பர்கள் யார் என்று கேட்டால் மோனே, ரெனுவார், பிசாரோ, சிஸ்லி, தெகா, செசான். அரசு இரண்டு ஆண்டு இழுத்தடித்தது. கலைக் கழகத்தைச் சேர்ந்த பெரியவர்கள் இந்தக் குப்பையை வாங்கலாமா என்று குதித்தார்கள். கடைசியில் சுமார் 40 படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை வேண்டாம் என்றார்கள். சும்மா கொடுத்ததை! எடுத்துக்கொண்ட அந்தப் படங்களைப் பார்க்கத்தான் இன்று உலகமே ஓர்ஸே அருங்காட்சியகத்தில் வரிசையில் நிற்கிறது.

ரசனைக் குறைவாவது பரவாயில்லை. ரசனையே ஆணையாகிவிட்டால் இன்னும் மோசம். 1937இல் ஜெர்மனியில் நாஜி அரசு அருங்காட்சியகங்களிலிருந்து ஆயிரக்கணக்கான நவீனப் படங்களைப் பிடுங்கி, அவற்றில் சிலவற்றை மியூனிக்கில் சீரழிந்த கலை என்று பெயர் போட்டுக் கேலிக்காகவே காட்சிக்கு வைத்தது. சோவியத் நாட்டில் ஓவியருக்கு வேலை இருந்தது, வண்ணம் கிடைத்தது, வீடுகூடக் கிடைத்தது; எதை எப்படி வரைய வேண்டும் என்பதும் கூடவே வந்தது. அந்த மாதிரி ஆதரவு வேண்டவே வேண்டாம். அதைவிட விற்காத கேன்வாஸ்களோடு நாங்கள் இருந்துகொள்கிறோம்.

இதற்கும் வழி இல்லாமல் இல்லை. அதே அமெரிக்காவில், அதே ஆண்டுகளில், கருவூலத் துறையின் கீழ் தனியாக ஒரு பிரிவு இயங்கியது. புதிதாகக் கட்டும் அஞ்சல் நிலையங்களுக்கும் அரசுக் கட்டடங்களுக்கும் ஓவியம் தேர்ந்தெடுப்பது அதன் வேலை. போட்டிக்கு வரும் மாதிரி வரைபடங்களில் பெயர் இருக்கக் கூடாது. நடுவர்கள் படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வார்கள், உறையைப் பிறகுதான் பிரிப்பார்கள். இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட அஞ்சல் நிலையங்கள் படம் பெற்றன. சின்னச் சின்ன ஊர்களில் தபால்தலை வாங்க வந்தவர்கள் வரிசையில் நின்றபடியே ஓவியம் பார்த்தார்கள். பெயரை மறைப்பதால் எல்லா அநியாயமும் ஒழிந்துவிடும் என்று சொல்லவில்லை. அமைச்சரின் உறவினர் என்ற ஒரு வகையாவது கழிந்துவிடும்.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் போரைப் படங்களாகப் பதிவு செய்ய கென்னத் கிளார்க் தலைமையில் இயங்கிய போர் ஓவியர் குழுவும் எனக்குப் பிடித்த உதாரணம். எல்லாருக்கும் ஒரே அளவில் சட்டை தைக்காமல், சிலருக்கு மாதச் சம்பளம், சிலருக்கு ஒரு குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் பணம், மற்றவர்களிடம் வரைந்து முடித்ததை நேராக விலைக்கு வாங்குவது என்று மூன்று விதமாக வைத்திருந்தார்கள். 400க்கும் மேற்பட்ட ஓவியர்கள், 6,000க்கு நெருக்கமான படைப்புகள். குண்டுவீச்சுக்குப் பயந்து லண்டன் தேசியக் காட்சிக்கூடத்தின் பழம்பெரும் ஓவியங்களையெல்லாம் வேல்ஸில் ஒரு கற்சுரங்கத்துக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். காலியான அந்தக் கூடத்தில் வாழும் ஓவியர்களின் படங்களை மாட்டினார்கள். ஹென்றி மூர் நிலத்தடி ரயில் சுரங்கத்தில் படுத்துத் தூங்கியவர்களை வரைந்த படங்களை மக்கள் பார்த்தது இந்த ஏற்பாட்டினால்தான். பழைய மேதைகள் ஊரைக் காலி செய்தால்தான் எங்களுக்கு இடம் கிடைக்கும் போலிருக்கிறது.

இப்போது உங்கள் அலுவலக நடைமுறைக்கு வருகிறேன். ஒரு பெரிய அரசு அலுவலகம் (பெயர் வேண்டாம்) தன் புதுக் கட்டடத்துக்கு ஓவியங்கள் வேண்டும் என்று எங்களில் பலருக்குக் கடிதம் அனுப்பியது. சந்தோஷமாகப் பிரித்தோம். உள்ளே இருந்தது விலைப்புள்ளிப் படிவம். சதுர அடிக்கு என்ன விலை, சட்டத்தோடா சட்டம் இல்லாமலா, எத்தனை நாளில் ஒப்படைப்பீர்கள், குறைந்த விலை கேட்பவருக்கே வேலை. பொருளின் பெயர் என்ற கட்டத்தில் "சுவர் அலங்காரம்" என்று ஏற்கெனவே அச்சடித்திருந்தார்கள். நாற்காலிக்கும் மின்விசிறிக்கும் வைத்திருக்கும் விதியை அப்படியே ஓவியத்துக்கும் போட்டால், கிடைப்பது சதுர அடிக் கணக்கில் அடித்துத் தந்த ஏதோ ஒன்றுதான். அந்த அதிகாரி கெட்டவர் என்று நினைக்கவில்லை. வேறு படிவம் அவரிடம் இருந்திருக்காது. அந்தப் படிவத்தை உருவாக்கும் பொறுப்பு உங்களுடையது. கொள்முதல் விதிகளில் கலைப்படைப்புக்கென்று தனிப் பிரிவு சேருங்கள். விலையைத் தணிக்கைக்காரர் கேள்வி கேட்டால் பதில் சொல்ல, தேர்வுக் குழுவின் கையெழுத்துள்ள குறிப்பு போதும் என்று எழுதிவிடுங்கள். நம்புங்கள், பாதி அதிகாரிகள் படம் வாங்காததற்குக் காரணம் தணிக்கைப் பயம்தான்.

கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு பங்கு கலைக்கு என்ற விதி பல நாடுகளில் இருக்கிறது. ஸ்வீடன் 1937இல் தொடங்கியது, பிரான்ஸ் 1951இல் பள்ளிக் கட்டடங்களில் தொடங்கியது. நல்ல விதி. ஆனால் நடைமுறையில் அந்தப் பணம் பெரும்பாலும் வாசலில் நிற்கும் உலோகச் சிற்பத்துக்கே போகிறது. கட்டடம் முடிகிற சமயத்தில் கலைஞரைக் கூப்பிட்டால், சுவரெல்லாம் ஏற்கெனவே கண்ணாடியாகியிருக்கும். படம் மாட்ட இடம் ஏது? வரைபடம் போடும்போதே ஓவியரைக் கூட உட்கார வையுங்கள்.

கண்காட்சி என்றால் இன்னொரு கூத்து. விளக்குப் போடுபவருக்குக் கூலி, அழைப்பிதழ் அச்சடித்தவருக்குப் பணம், காவலுக்கு நிற்பவருக்குச் சம்பளம், திறந்து வைக்க வருபவருக்குப் பயணப்படி. படம் கொடுத்தவருக்கு மட்டும் வெளிச்சம் கிடைக்கிறதே, அது போதாதா என்பார்கள். கனடா 1988இல் காட்சிக்கு வைப்பதற்கும் ஓவியருக்கு உரிமைத்தொகை உண்டு என்று பதிப்புரிமைச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டது. அதைப் படி எடுத்தாலே போதும்.

வரியைப் பணமாக வாங்காமல் படமாக வாங்கும் நாடும் உண்டு. மெக்சிகோவில் 1957 முதல் இந்தப் பழக்கம். ஓவியர் அந்த ஆண்டு விற்ற எண்ணிக்கைக்கு ஏற்பச் சில படங்களை வரியாகக் கொடுக்கலாம். வல்லுநர் குழு பார்த்து ஏற்றுக்கொள்ளும். கைக்கு வந்தது ஒப்புக்கு வரைந்ததாக இருந்தால் திருப்பி அனுப்பவும் செய்யும். அரசுக்கு ஒரு பெரிய தொகுப்பே சேர்ந்துவிட்டது. மெக்சிகோவுக்கு இது புதிதும் இல்லை. 1921இல் கல்வித் துறைக்கு வந்த ஹோசே வாஸ்கொன்செலோஸ் அரசுக் கட்டடங்களின் சுவர்களைத் தியேகோ ரிவேரா, ஓரோஸ்கோ, சிக்கேய்ரோஸ் கையில் கொடுத்த நாடு அது. அந்தச் சுவர்களில் அரசையே திட்டும் படங்களும் இருந்தன. விட்டு வைத்தார்கள்.

மறுவிற்பனை உரிமைத்தொகை பற்றிச் சுருக்கமாக. பிரெஞ்சு ஓவியர் மில்லே வரைந்த 'ஆஞ்சலஸ்' என்ற படம் அவர் இருக்கும்போது மிகக் குறைந்த விலைக்குப் போனது. அவர் இறந்த பிறகு, 1889 ஏலத்தில் ஐந்து லட்சம் பிராங்குக்கு மேல் போனது. குடும்பத்துக்கு அதில் ஒரு காசும் வரவில்லை. அந்த மாதிரி அவமானங்கள் சேர்ந்துதான் 1920இல் பிரான்ஸ் சட்டம் இயற்றியது: படம் பொது ஏலத்தில் விற்கும் ஒவ்வொரு முறையும் ஓவியருக்கோ வாரிசுக்கோ ஒரு பங்கு. உங்கள் நாட்டில் இந்தச் சட்டம் இல்லையென்றால் கொண்டுவாருங்கள். ஏட்டில் மட்டும் இருந்தால் வசூலிக்க ஓர் அமைப்பை நியமியுங்கள். ஆனால் இது ஏற்கெனவே விற்கும் ஓவியருக்குத்தான் உதவும் என்பதால் இதை வைத்து மற்றதைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

மாதாமாதம் பணமே கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். அயர்லாந்து 2022இல் அப்படிச் செய்து பார்த்தது. கலைத் துறையினர் 2,000 பேருக்கு மூன்று ஆண்டுகள் வாரம் 325 யூரோ, குலுக்கல் முறையில் தேர்வு. குலுக்கல் என்றதும் பலர் சிரித்தார்கள். எனக்கு அது நேர்மையாகத்தான் பட்டது. பணம் இருக்கிற அரசு இதையும் செய்யட்டும், மகிழ்ச்சி. ஆனாலும் என்னைக் கேட்டால் முதல் ஓட்டு கொள்முதலுக்கே. பணம் ஓவியரைத் தாங்கும், சரி. படம் வாங்கினால் ஓவியருக்குப் பணம், ஊருக்குப் படம். தன் படத்தை ஒரு மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் யாரோ நின்று பார்க்கிறார்கள் என்று தெரிந்த ஓவியர் அடுத்த படத்தை வேறு மாதிரி வரைவார்.

நம் நாட்டு ஓவியர் என்றால் யார் என்ற சண்டையும் வரும், தெரியும். இங்கே வாழ்ந்து, இங்கே வரைபவர் எல்லாரும்தான். கடவுச்சீட்டின் நிறத்தையும் தாத்தா பிறந்த ஊரையும் கேட்கத் தொடங்கினால் டி கூனிங்கும் கோர்க்கியும் அந்த அமெரிக்கப் பட்டியலில் இருந்திருக்கவே முடியாது. இருவரும் வெளியிலிருந்து வந்தவர்கள். சொல்லப்போனால் 1937இல் விதி மாறிக் குடியுரிமை கேட்டபோது டி கூனிங் வெளியேற வேண்டியும் வந்தது. நாட்டு உடையும் நாட்டுப்புறக் காட்சியும் இருந்தால்தான் நம் ஓவியம் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். வெறும் கறுப்புச் சதுரம் வரைந்தாலும் அவர் உங்கள் ஓவியர்தான்.

அடுத்த நிதிநிலை அறிக்கையில், விருதுக்கும் விழாவுக்கும் ஒதுக்கும் தொகைக்கு மேலே, "வாழும் ஓவியர்களின் படைப்புகள் கொள்முதல்" என்று தனித் தலைப்பு ஒன்றைச் சேருங்கள். சிறு தொகையானாலும் ஆண்டுதோறும் வரட்டும். ஒரு ஆண்டு அள்ளிக் கொடுத்துவிட்டு ஐந்து ஆண்டு கைவிரிப்பதைவிட அது எவ்வளவோ மேல். குழுவில் பாதிப் பேர் ஓவியர்களாக இருக்கட்டும்; இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எல்லாரையும் மாற்றுங்கள்; குழுவில் இருக்கும்வரை அவர்கள் படத்தை வாங்காதீர்கள். பெயர் மறைத்துத் தேர்ந்தெடுங்கள். வாங்கிய விலை, ஓவியரின் பெயர், எந்தக் கட்டடத்தில் எந்தச் சுவரில் இருக்கிறது, கடைசியாக யார் எப்போது அதன் நிலையைச் சோதித்தார் ஆகிய விவரங்களை எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். கட்டடத்துக்கு வண்ணம் அடிக்க வருபவரின் கையிலும் அந்தப் பட்டியலின் ஒரு பிரதி இருக்கட்டும்.

முதல் கொள்முதல் அறிவிப்பை எப்போது வெளியிடப்போகிறீர்கள் என்ற தேதியை மட்டும் பதிலாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
படம் வரைபவர்களில் ஒருவன்